இலையுதிர்காலமும் இரண்டு வயதுக் கைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒன்று முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும், பகல் நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மா, அப்பப்பாமாரும் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். என் பேரனுடன் மூன்று இலையுதிர்காலங்களைக் கழித்த பழக்கத்தில் அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஒன்றரை வயதுப் பிள்ளை உண்மையில் கைவேலை செய்யுமா, அல்லது நாம் செய்துவிட்டுப் பிள்ளையின் பெயரை எழுதுகிறோமா?

பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. இலைகளை வெட்டி ஒட்டிய நரி, ஆந்தை, மயில் போன்ற படங்களைப் பார்த்துவிட்டு அதையே செய்யத் தொடங்கினால், பெரியவர் கத்தரிக்கோலுடன் குனிந்திருக்க, பிள்ளை பக்கத்தில் நின்று சிணுங்கிக்கொண்டிருக்கும். அந்த வயதுக் கை எதைச் செய்யும் என்பதை முதலில் கவனிப்பது நல்லது. பொறுக்கும், போடும், கொட்டும், ஒட்டும், குத்தும், அமுக்கும், கிழிக்கும், நசிக்கும். வெட்டாது, மடிக்காது, கோக்காது, வரிசையாக வைக்காது. ஆகவே ஒரு கைவேலையைத் தேர்ந்தெடுக்கும்போது ‘இது அழகாக வருமா’ என்று கேட்பதற்கு முன்னால், ‘இதில் பிள்ளையின் கைக்கு என்ன வேலை இருக்கிறது’ என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் ‘ஒன்றுமில்லை’ என்றால், அது உங்கள் கைவேலை. பிள்ளை தூங்கும் நேரத்தில் செய்துகொள்ளுங்கள், அதிலும் தவறில்லை.

எவ்வளவு நேரம் பிள்ளை உட்கார்ந்திருக்கும்?

ஐந்து நிமிடம் கிடைத்தால் நல்லது, பத்து நிமிடம் கிடைத்தால் கொண்டாடலாம். எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்த பிறகே பிள்ளையைக் கூப்பிடுங்கள். பசையைத் தேடி நீங்கள் எழுந்து போகும் அந்த இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

எப்போது இலை பொறுக்கத் தொடங்க வேண்டும்?

ரொறன்ரோவில் நிறம் உச்சத்துக்கு வருவது பொதுவாக ஒக்ரோபர் நடுப்பகுதிக்குப் பின்னர்தான். வடக்கே அல்கொன்குயின் பூங்காவில் சீனி மேப்பிள் மரங்கள் செப்டெம்பர் கடைசியிலும் ஒக்ரோபர் முதல் வாரத்திலுமே சிவந்துவிடும். ஆகவே ஒக்ரோபர் இரண்டாவது திங்கட்கிழமை வரும் நன்றி தெரிவிக்கும் நாள் நீண்ட வார இறுதியில் வடக்கே போய்வருகிறவர்கள் ஏமாற்றத்துடன் திரும்புவதும், அதே நேரத்தில் தங்கள் தெருமரம் இன்னும் பாதி பச்சையாக நிற்பதும் புதிதல்ல.

நாள்காட்டியைவிட முக்கியமானது முதல் பலத்த காற்று. ஒரு இரவு அடித்துப் பெய்த மழைக்குப் பிறகு மரம் மொட்டையாகி, கீழே கிடப்பது சேற்றில் ஊறிய கறுத்த இலையாகிவிடும். நல்ல இலை கிடைக்கும் நாட்கள் இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பதில்லை என்று எண்ணிக்கொண்டு, வெயில் உள்ள நாளில் தள்ளுவண்டியின் கீழ்க் கூடையில் ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு போங்கள். பொறுக்கிய இலையை அப்போதே அதற்குள் வைத்தால் வீடு வருவதற்குள் சுருளாது. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் திருப்பிய பிறகு மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால், பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து கூட்டிவரும் வழியில் இலை பொறுக்கும் பழக்கமுள்ளவர்கள் ஒக்ரோபரிலேயே சேர்த்து வைப்பது நல்லது.

எங்கிருந்து எடுக்கலாம்? பூங்காவில் எடுத்தால் பிழையா?

உங்கள் முற்றத்திலும், நடைபாதையில் விழுந்து கிடப்பதிலும், அடுக்குமாடியின் புல்தரையிலும் வேண்டிய அளவு கிடைக்கும். ஸ்காபரோவாசிகள் பலர் நடக்கப் போகும் ரூஜ் தேசிய நகர்ப் பூங்கா மத்திய அரசின் பூங்கா. அங்கிருந்து இலை, காய், கல் எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. அங்கே பார்த்துத் தொட்டுவிட்டு, பொறுக்குவதை வீட்டுத் தெருவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு விளங்காது என்பதால், அந்தப் பூங்காவுக்குப் போகும் நாளில் நான் பையே கொண்டுபோவதில்லை.

எந்த மரத்தின் எந்தப் பொருள் எதற்கு நல்லது?

தெருவோரங்களில் அதிகம் நிற்பது நோர்வே மேப்பிள். அகலமான, கனமான இலை, பிந்தித்தான் மஞ்சளாகும். தோரணத்துக்கும் தலையில் வைக்கும் இலைமுடிக்கும் இதுவே உதவும். சீனி மேப்பிளின் இலை ஒரே மரத்தில் வெயில் படும் பக்கம் சிவப்பாகவும் நிழல் பக்கம் மஞ்சளாகவும் இருக்கும். சன்னலில் ஒட்டுவதற்கு அதைவிட அழகானது இல்லை. ஓக் இலை பழுப்பாகி, தோல் போலத் தடித்துவிடுவதால் வண்ணம் தீட்ட நல்லது. கிங்கோ மரத்தின் இலை சின்ன விசிறி போலவே இருக்கும். கடும் குளிர் இரவு ஒன்றுக்குப் பிறகு ஏறத்தாழ ஒரே நாளில் மரம் முழுவதையும் உதிர்த்துவிடும். ஆனால் பெண் மரத்தின் கீழே கிடக்கும் பழத்தை மிதித்தால் நாற்றம் சப்பாத்தோடு வீட்டுக்குள் வரும், அதன் சதை தோலில் பட்டால் தடிக்கவும் கூடும்.

மேப்பிள் விதையின் இறக்கையை மேலே எறிந்தால் சுழன்று சுழன்று இறங்கும். அதைக் கொண்டு நீங்கள் என்ன கைவேலை செய்தாலும், பிள்ளைக்கு அந்தச் சுழற்சி ஒன்றே போதும் என்றுதான் படுகிறது. ஊரில் பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய ஞாபகத்தில் மேப்பிள் இலையையும் சுருட்டிப் பார்த்தேன். பிளவுபட்ட மெல்லிய இலை, காற்றுத்தான் வந்தது, சத்தம் வரவில்லை. பேரன் சிரித்ததால் நட்டமில்லை.

எவற்றைத் தொடவே கூடாது?

இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, நஞ்சுப் படர்கொடி என்று சொல்லத்தக்க பொய்சன் ஐவி. ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும், இலையுதிர்காலத்தில் கண்ணைப் பறிக்கும் சிவப்பாகும், பள்ளத்தாக்குப் பாதைகளின் ஓரத்திலும் வேலியிலும் வளரும். தோலில் பட்டால் அரித்துத் தடிக்கச் செய்யும் அதன் எண்ணெய் காய்ந்த இலையிலும் இருக்கும் என்பதால், ‘காய்ந்துவிட்டதுதானே’ என்று எடுக்கக் கூடாது. எரித்தால் வரும் புகையும் கெடுதி. மூன்று சிற்றிலை கொண்ட எந்தச் சிவப்புக் கொடியையும் தவிர்த்துவிடுவது எளிய விதி. ஐந்து சிற்றிலை கொண்ட வர்ஜீனியாக் கொடியும் அதேபோலச் சிவக்கும். அதன் நீலக் கறுப்புக் காய்களும் நஞ்சுள்ளவை.

இரண்டாவது, ஹோர்ஸ் செஸ்ட்நட். முள்ளுறையை உடைத்துக்கொண்டு விழும் பளபளப்பான பழுப்புக் கொட்டை. பார்ப்பதற்குச் சாப்பிடும் செஸ்ட்நட்டைப் போலவே இருக்கும். உண்ணத் தகாதது, நஞ்சுள்ளது. பெரிய பிள்ளைகள் விளையாடலாம், எதையும் வாயில் வைக்கும் வயதினரிடம் கொடுக்க வேண்டாம். மூன்றாவது, வீட்டு வேலிகளில் நெருக்கமாக வெட்டி வளர்க்கும் யூ செடி. அதன் சிவந்த சதைக்குள் இருக்கும் விதையும் ஊசி இலையும் கடும் நஞ்சு. பொதுவாக, சிவப்பு, செம்மஞ்சள், வெள்ளை என்று எந்த நிறச் சிறுபழத்தையும் கைவேலைக்கு எடுக்காமல் விட்டால் மரத்தின் பெயர் தெரிய வேண்டிய தேவையே இல்லை.

நான்காவது, தொண்டையில் அடைக்கக்கூடிய சிறு பொருட்கள். கனடாவில் மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருட்களைச் சோதிக்க 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுவதும் அடங்கும் எதுவும் ஆபத்தானது. வீட்டில் அதற்குப் பதிலாகக் கழிப்பறைத் தாள் சுற்றியிருக்கும் அட்டைக் குழாயை வைத்துக்கொள்ளலாம். அது இன்னும் சற்று அகலமானது, ஆகவே சோதனையும் கடுமையாகும். ஓக் கொட்டை, அதன் தொப்பி, சிறிய பைன் கூம்பு, கூழாங்கல் எல்லாம் இந்தக் குழாய்க்குள் விழுந்துவிடும். நம் மடியில் வைத்துக்கொண்டு பார்க்கக் கொடுக்கலாம். மேசையில் விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போகக் கூடாது.

குளிர் தொடங்கினால் உண்ணி இருக்காது என்கிறார்களே?

இலையுதிர்காலத்தில் இருக்கும். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் வளர்ந்த பருவம் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில்தான் சுறுசுறுப்பாக நடமாடும். உறைநிலைக்குச் சற்று மேலே வெப்பம் இருந்தாலே போதும். ரூஜ் பள்ளத்தாக்குப் பகுதி அவை நிலைத்துவிட்ட இடம். உதிர்ந்த இலைக்குவியலும் உயர்ந்த புல்லும் அவற்றுக்குப் பிடித்தமானவை. நீண்ட காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிட்டு, வீடு வந்ததும் காதின் பின்புறம், தலைமயிர் ஓரம், கழுத்து மடிப்பு, அக்குள், முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களைக் குளிப்பாட்டும்போது தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான சாமணத்தால் தோலுக்கு மிக அருகில் உண்ணியைப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் பூசுவதும் நெருப்புக் காட்டுவதும் கூடாது. பிறகு குடும்ப வைத்தியரிடமோ மருந்தகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல்முறை செய்வதற்கு ஒரேயொன்று சொல்லுங்கள் என்றால்?

சன்னல். பாடசாலைப் புத்தகங்களுக்கு உறை போடும், ஒரு பக்கம் ஒட்டும் கண்ணாடித்தாள் டொலர் கடையில் சுருளாகக் கிடைக்கும். அதில் ஒரு முழம் அளவு வெட்டி, ஒட்டும் பக்கம் பிள்ளையை நோக்கி இருக்கும்படி, பிள்ளை நிற்கும் உயரத்தில் சன்னல் கண்ணாடியில் நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் பிடித்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு பெரிய தட்டில் இலைகள். அவ்வளவுதான். பசை இல்லை, தண்ணீர் இல்லை, வண்ணம் இல்லை. பிள்ளை ஒட்டும், பிய்க்கும், திரும்பவும் ஒட்டும், தன் கையையும் ஒட்டிப் பார்க்கும். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது இலையின் நரம்பெல்லாம் தெரியும். முடிந்ததும் இன்னொரு தாளை மேலே ஒட்டி மூடிவிட்டால் இலை சுருளாமல் சில வாரம் இருக்கும். நிறம் மட்டும் மெல்ல மங்கும்.

இதையே நடக்கப் போகும்போதும் செய்யலாம். அகலமான ஒட்டுநாடாவை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி பிள்ளையின் மணிக்கட்டைச் சுற்றித் தளர்வாகக் கட்டிவிட்டால், வழியில் கிடைக்கும் இலைத்துண்டு, புல், பூவிதழ் எல்லாம் அதில் ஏறிக்கொண்டே போகும். வீடு வரும்போது காப்பு தயார். அட்டைப் பட்டையில் இரட்டைப் பக்க ஒட்டுநாடா வைத்தால் அதே முறையில் இலைமுடியும் வரும், ஆனால் பல பிள்ளைகள் முடியைத் தலையில் வைக்க மறுத்து நம் தலையில்தான் வைப்பார்கள்.

குத்தும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம்?

உப்பு மா. இரண்டு கோப்பை மா, ஒரு கோப்பை உப்பு, ஏறத்தாழ ஒரு கோப்பை தண்ணீர். ரொட்டி மாவைப் போலக் குழைத்து உருண்டையாகக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் குச்சி, நீளமான பைன் கூம்பு, மேப்பிள் இலையின் காம்பு ஆகியவற்றை வையுங்கள். குச்சிகளைக் குத்தினால் முள்ளம்பன்றி. கூம்பை உருட்டினால் பதியும் கோலம். தடித்த நரம்புள்ள இலையின் பின்பக்கத்தை மாவின் மேல் வைத்து உள்ளங்கையால் அமுக்கி எடுத்தால் இலையின் உருவம் அப்படியே விழும். அதைத் தாழ்ந்த சூட்டில் சில மணி நேரம் உலர்த்தினால் ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

பிள்ளை மாவைத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்பு மிக அதிகம். பச்சை மாவிலும் கிருமி இருக்கலாம். 2017ஆம் ஆண்டில் ஈ.கோலைக் கிருமி காரணமாகக் கனடாவில் கோதுமை மா திரும்பப் பெறப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். வீட்டில் நாய் இருந்தால் இன்னும் கவனம், அந்த அளவு உப்பு நாய்க்கு உயிராபத்து.

பைன் கூம்பையும் ஓக் கொட்டையையும் கழுவினால் போதுமா?

போதாது. ஒருமுறை சப்பாத்துப் பெட்டி நிறைய ஓக் கொட்டை சேர்த்து அலுமாரியின் மேல் வைத்திருந்தேன். ஒரு வாரத்தில் பெட்டியின் அடியில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. கொட்டைக்குள் முட்டையிட்டு வளரும் வண்டின் புழு, வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். முதலில் தண்ணீரில் போட்டு மிதப்பவற்றை எறிந்துவிடுங்கள், அவை பெரும்பாலும் உள்ளே கெட்டவை. மூழ்கியவற்றைத் துடைத்து, 200 பாகை பாரன்ஹைட் சூட்டில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அவணில் வைத்து எடுத்தால் உலர்ந்துவிடும். பைன் கூம்புக்கும் இதே சூடு. பிசின் வடியும் என்பதால் தட்டில் ஈயத்தாள் விரித்து, அவணை விட்டு நகராமல் நிற்க வேண்டும். வீடு முழுவதும் பைன் வாசம் வரும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கூம்பு விதையைக் காப்பதற்காக ஈரத்தில் செதிலை மூடிக்கொள்ளும், உலர்ந்தால் திறக்கும். அவணில் விரிந்த கூம்பைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு மதியத் தூக்கம் முடிந்து வந்து பார்த்தால் மூடியிருக்கும். உலர வைத்தால் திரும்பவும் விரியும். இதைக் கைவேலை என்று சொல்ல முடியாது, ஆனால் என் பேரன் ஒரு வாரம் முழுவதும் இதைத்தான் கேட்டான்.

நவராத்திரிக்கு இவற்றைப் பயன்படுத்தலாமா?

நன்றாகவே பயன்படுத்தலாம். நவராத்திரி செப்டெம்பர் கடைசியிலும் ஒக்ரோபரிலும் வருவதால் காலம் பொருந்துகிறது. மாவிலை இங்கே ஆளுக்குச் சில இலைதான் கிடைக்கும், விலையும் அதிகம். பூசைக் கும்பத்துக்கு அதை வைத்துக்கொண்டு, வாசலுக்கு மேப்பிள் தோரணம் கட்டலாம். மாவிலையை மடித்து ஈர்க்கால் குத்துவோம் அல்லவா? மேப்பிளுக்கு ஈர்க்குத் தேவையில்லை, காம்பே நீளமானது. காம்பைக் கயிற்றின் மேலாக மடித்து, அதன் நுனியை இலையின் மேற்பகுதியில் குத்திச் செருகினால் நின்றுவிடும். அன்று விழுந்த, வளையும் இலையாக இருக்க வேண்டும்; காய்ந்தது உடைந்துவிடும். நவராத்திரி முந்தி வரும் ஆண்டுகளில் இலை பச்சையாகவே இருக்கும், அதுவும் குறையில்லை.

பிள்ளையின் வேலை, இலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது. ‘சிவப்புத் தாங்கோ, மஞ்சள் தாங்கோ’ என்று கேட்டால் நிறத்தின் பெயர் தமிழில் வாயில் வந்துவிடும். தவறான நிறம் தந்தாலும் வாங்கிக் கட்டிவிடுங்கள்.

இலையின் நிறம் நிலைக்க வழி உண்டா?

பழைய தொலைபேசிப் புத்தகத்தின் நடுவில் வைத்து மேலே பாரம் ஏற்றினால் ஒரு வாரம், பத்து நாளில் தட்டையாக உலர்ந்துவிடும், நிறமும் ஓரளவு நிற்கும். ஆனால் நொறுங்கும், பிள்ளை தொட்டதும் தூளாகும். பிள்ளை கையாள வேண்டுமென்றால் கிளிசரின்தான் நல்லது. ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு தண்ணீர், அதில் இலையை மூன்று முதல் ஐந்து நாள் அமிழ்த்தி வைத்துத் துடைத்தால், நிறம் சற்று மங்கினாலும் இலை துணி போல வளையும். உருக்கிய தேன்மெழுகில் தோய்ப்பது இவை எல்லாவற்றிலும் அழகாக இருக்கும், ஆயினும் அது பிள்ளை வீட்டில் விழித்திருக்கும் நேரத்தில் செய்யும் வேலை அல்ல.

‘இலை ஏன் சிவப்பு?’ என்று மூத்த பிள்ளை கேட்டால்?

நாள் குறுகிக் குளிர் வந்ததும் மரம் பச்சையத்தைப் புதிதாக உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. மஞ்சளும் செம்மஞ்சளும் கோடை முழுவதும் இலைக்குள் பச்சைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவை; பச்சை போனதும் தெரிகின்றன. சிவப்பு அப்படியல்ல, அது இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு அந்தச் சில வாரத்தில் புதிதாக உண்டாவது. அதனால்தான் பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் வரும் ஆண்டுகளில் சிவப்பு அதிகமாகிறது. பிறகு காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு வளர்ந்து இலையைக் கொப்பிலிருந்து பிரித்துவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ‘மஞ்சள் ஒளிச்சிருந்தது, சிவப்புப் புதுசா வந்தது’ என்று சொன்னால் போதுமானது. அதில் பொய்யும் இல்லை.

மிஞ்சிய இலைக்குவியலை என்ன செய்வது?

வண்ணம், பசை, மினுக்கத்தூள் படாதவற்றை முற்றத்துச் செடிகளின் அடியில் கொட்டிவிடலாம். பல பூச்சிகள் அந்த இலைப்போர்வைக்குள்தான் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. இடமில்லாதவர்கள் முற்றக் கழிவுக்கான பழுப்புக் கடதாசிப் பையில் போட்டு, மாநகரசபை எடுக்கும் நாளில் தெருவோரம் வைக்கலாம். பையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பிள்ளையிடம் சொன்னால் இலைகளை அள்ளிப் போடும். அதற்குள் தானும் இறங்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.